சோத்தாங்கைப் பக்கம்

ரோட்டில் நடந்துபோகிறவரை இடித்தால் அந்த விளையாட்டில் ஐம்பது பாயின்ட். சிவப்பு விளக்கில் நிற்காமல் ஓடினால் இருபது. போலீஸ் துரத்த ஆரம்பித்துவிட்டால் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போகும்.

"இதையா சார் டிரைவருங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்?" என்று கேட்டாள் ரீனா.

"உன்னை யாரு பாயின்ட்டப் பாக்கச் சொன்னா? வண்டி வலது பக்கம் போகுதா இல்லையா? நமக்கு அதுதான் வேணும்" என்றார் ரொனால்டு.

அது 2006 ஜூன் மாதம். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு டயர் கடையின் மாடியில் ரொனால்டு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தார். சவுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு லாரியும் தண்ணீர் டேங்கரும் ஓட்ட அறுபது டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். இங்கே இடது பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே பத்து நாள் பயிற்சி முடித்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. ரொனால்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கினார். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கும் மிதிக்கிற பெடலும் மாட்டி, ஏதோ ஒரு அமெரிக்க ஊரில் கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டுவைத்தார். பயிற்சி கொடுக்க ரீனாவை வேலைக்கு எடுத்தார்.

ரீனாவுக்கு இருபத்தைந்து வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அதை அவள் முதலிலேயே சொன்னாள். "அது ஒரு விசயமா?" என்று சிரித்துவிட்டார் ரொனால்டு. அவள் அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு மட்டும் நிம்மதி. "நம்ம பங்குக் கோயில் ஆளு. பயப்படாமப் போ" என்றார்.

முதல் வாரம் டிரைவர்கள் வந்தார்கள், சிரித்துக்கொண்டே ஆட்களை இடித்தார்கள், பாயின்ட் சேர்த்தார்கள், போனார்கள். ஆளுக்கு அரை மணி நேரம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்புவார் ரொனால்டு. ஒரு பயிற்சியும் நடக்கவில்லை என்பது ரீனாவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. வலது பக்கம் ஓட்டும் நாடுகளின் சாலை விதிப் புத்தகம் ஒன்றை இன்டர்நெட்டில் தேடி எடுத்து, எண்பது பக்கத்தையும் படித்தாள். அடுத்த திங்கட்கிழமை மூன்று திரையிலும் பாயின்ட் வரும் மூலையில் அட்டையை வெட்டி ஒட்டினாள். வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாள்.

"ஆளுக்குப் பத்துக் கொட்டை. சிவப்புல நிக்காமப் போனா ரெண்டு போயிரும். ஆளை இடிச்சா அஞ்சு. இடது பக்கம் ஏறுனா பத்தும் போச்சு, எந்திரிச்சு வரிசைக்குக் கடைசில நிக்கணும்."

"ஏம்மா, நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?" என்றார் ஒருவர். அவர் மலைச்சாமி. அகரத்துக்காரர். நாற்பத்து மூன்று வயது, இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறவர். காய்கறி மூட்டையோடு கேரளாவுக்கும், தேங்காயோடு பெங்களூருக்கும் போய் வந்தவர். ஒரு கேஸ்கூட அவர் பேரில் இல்லை.

அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தோற்றார்.

அதை யாருமே எதிர்பார்க்கவில்லை. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள் இரண்டாம் நாளே வலது பக்கத்துக்குப் பழகிவிட்டார்கள். மலைச்சாமியின் கை மட்டும் கேட்கவில்லை. நான்காம் நாள் ஏழாவது தடவையாகக் கொட்டையெல்லாம் போனதும் ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். மேசையிலிருந்து அது கழன்று கீழே விழுந்தது.

"வெளாட்டுச் சாமானைக் குடுத்துட்டு என்னைய ஓட்டத் தெரியாதவன்னு சொல்றியா? நீ ஒரு லாரில ஏறி உக்காந்திருக்கியா?"

ரீனா திரையைக் காட்டினாள். "இல்லண்ணே. நான் ஓட்டுனதில்ல. ஆனா இப்ப ஒரு ஆளை நீங்க நசுக்கிட்டீங்க. திரையில பாருங்க. இங்க நசுக்குனா நான் கொட்டையத்தான் எடுப்பேன். அங்க நசுக்குனா? கடைசிக்குப் போய் நில்லுங்க."

மலைச்சாமி கீழே கிடந்த ஸ்டீயரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார். அவர் இனி வரமாட்டார் என்றுதான் ரீனா நினைத்தாள். மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "பத்து எண்ணிக் குடு" என்று கையை நீட்டினார்.

ரீனா ஒரு நோட்டுப் போட்டாள். யார், எந்தத் தேதி, எங்கே தப்பு செய்தார் என்று எழுதிவந்தாள். இரண்டு நாள் எழுதிய பிறகு ஒரு விஷயம் புரிந்தது. முன்னால் நாலு வண்டி போனால் எல்லாரும் அதைப் பார்த்துச் சரியாக ஓட்டினார்கள். நெரிசலில் யாரும் தப்பு செய்யவில்லை. ரோடு காலியாக இருக்கும்போதுதான் தப்பு. அதுவும், நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கேட்டை விட்டு வெளியே வரும்போது. பார்த்துப் போக எதிரே ஒன்றுமே இல்லாவிட்டால் கை தன் பழைய பக்கத்துக்குத்தான் திரும்பியது. அந்த விளையாட்டில் கார் ஒரு ஷெட்டுக்குள்ளிருந்துதான் கிளம்பும். அவள் எல்லாரையும் திரும்பத் திரும்ப அந்த ஷெட்டிலிருந்தே கிளம்பி வரச் சொன்னாள். ஊர் சுற்ற விடவில்லை. கேட், ரோடு, வலது. மறுபடி கேட்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் மலைச்சாமிதான். ஒன்பதாம் நாள் கேட் வந்ததும் காரை நிறுத்தினார். "சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம்" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு திருப்பினார். சரியாகப் போனார். அன்று ஒரு கொட்டையும் போகவில்லை. மறுநாளிலிருந்து ரீனா எல்லாரையும் அப்படிச் சொல்லவைத்தாள். கீழே டயர் கடைக்காரர், "மேல என்ன பஜனையா நடக்குது?" என்று கேட்டார்.

வடமதுரை ஈஸ்வரன், மலைச்சாமி அந்த வழியைக் கண்டுபிடிக்கும் முன்பு, இரண்டு நாள்தான் வந்தான். முப்பது வயது, மினி லாரியில் தக்காளி ஏற்றிப் போகிறவன். கலகலப்பானவன். கேட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வந்தான், பதினோரு தடவை இடது பக்கம் போனான். ஒவ்வொரு தடவையும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தான். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. ரீனா ரொனால்டிடம் கேட்டாள்.

"அவனுக்கு விசா முந்தி வந்துருச்சு. அடுத்த வாரம் கிளம்புறான்."

"அவருக்கு இன்னும் வரல சார். ஒரு தடவைதான் சரியாப் போனாரு."

"அங்க போனாத் தானாப் பழகிக்குவான். நீ உன் வேலையப் பாரு."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். நோட்டில் எழுதி மூடினாள். அதற்கு மேல் அன்று அவள் எதுவும் செய்யவில்லை. பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் ரொனால்டின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

செப்டம்பர் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடிக்கு ஏறி வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"இங்க ரீனா யாரு?"

"நான்தாங்க."

அந்தப் பெண் காகிதத்தை ரீனாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உன் கையெழுத்தா?"

ஈஸ்வரனின் பயிற்சிச் சான்றிதழ் அது. பத்து நாள் பயிற்சியை நன்றாக முடித்தார் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே, பயிற்சியாளர் ரீனா. அவள் கையெழுத்து. வேலையில் சேர்ந்த அன்று ஒரு பாரத்தில் போட்ட கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சான்றிதழில் ஒட்டியிருந்தார்கள்.

"நான் அவரு சம்சாரம், புவனேஸ்வரி. அங்க கம்பெனி இடத்துக்குள்ளயே தண்ணி வண்டி ஓட்டுனாரு. அன்னிக்குத்தான் மொதத் தடவையா, விடியக்காலைல கேட்ட விட்டு வெளிய வந்திருக்காரு. ரோட்டுல ஒரு வண்டிகூட இல்லையாம். பழக்கத்துல இடது பக்கம் ஏறிட்டாரு. வளைவுல எதுத்தாப்ல டிரெய்லர் வந்து ஏத்திருச்சு. வலது காலு முட்டிக்குக் கீழ போச்சு. அந்த டிரெய்லர் ஓட்டுன ஆளுக்கு விலா எலும்பு ஒடஞ்சிருச்சு. இப்ப ஆஸ்பத்திரில போலீஸ் காவல் போட்டு வச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? பத்து நாள் டிரெய்னிங் எடுத்தவன், தெரிஞ்சே தப்புப் பண்ணிருக்கான், எங்களுக்குப் பொறுப்பு இல்லேங்குறான். உன் பேரைத்தான் காட்டுறான். என்னத்த சொல்லிக்குடுத்த நீ? என்னத்தப் பாத்து இதுல கையெழுத்துப் போட்ட?"

குழந்தை வீரிட்டு அழுதது. 'நான் போடவில்லை' என்று சொல்ல நினைத்தாள் ரீனா. அந்தப் பெண்ணின் முன்னால் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தோன்றியது. கேட், காலி ரோடு. அவளுக்குத் தெரிந்திருந்தது. தேதி போட்டு எழுதியே வைத்திருந்தாள்.

அவள் நேராக உள் அறைக்குப் போனாள். ரொனால்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ரீனா போனின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"எத்தனை பேருக்கு என் கையெழுத்த ஒட்டுனீங்க?"

"ஏய், என்ன பண்ற?"

"எத்தனை பேருக்கு?"

"நாப்பத்தொரு பேருக்கு. இப்ப என்னங்குற? நீ இங்க டிரெய்னர்தானே? உன் பேரு போடாம டயர் கடைக்காரன் பேரா போடுவாங்க?"

"அந்த மனுசன் பதினோரு தடவை ஃபெயிலு. நான் வந்து சொன்னேன்ல? இதே இடத்துல நின்னு சொன்னேன்ல?"

ரொனால்டு சிரித்தார். "வெளாட்டுல எவனாவது ஃபெயில் ஆவானா ரீனா?"

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்கமுடியவில்லை. மேசை மேல் கிடந்த வெற்றுச் சான்றிதழ்க் கட்டை எடுத்துக் குறுக்கே கிழிக்கப் பார்த்தாள். கட்டு தடிமனாக இருந்ததால் கிழியவில்லை. பத்துப் பத்தாகப் பிரித்துக் கிழித்தாள். அவர் கத்தினார், அவள் கிழித்தாள்.

"நான் கம்பெனிக்கு எழுதப் போறேன். இந்த ஆளுக்குப் பயிற்சியே தரலைன்னு, தேதியோட எழுதப் போறேன்."

"எழுது. தாராளமா எழுது. பொய்ச் சான்றிதழ்னு நீயே சொன்னா, அதுல பேரு இருக்குறவளத்தானே மொதல்ல பிடிப்பான்? உங்க அம்மாவ ஸ்டேஷன் வாசல்ல நிக்க வைக்கணும்னு ஆசையா இருந்தா எழுது."

புவனேஸ்வரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரீனா நோட்டை எடுத்து ஈஸ்வரனின் பக்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண் அதைப் படித்தாள். அவள் முகத்தில் கோபம் குறையவில்லை. "அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் ரீனா அம்மாவிடம் எல்லாம் சொன்னாள். "எழுதுனா உன்னைப் பிடிப்பாங்களா?" என்று கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

"பிடிக்கலாம்மா."

"எழுதலைன்னா?"

அம்மா எழுந்துபோய் அலமாரியில் வெள்ளைத்தாள் தேடினார்.

கடிதத்தை முடிக்க இரண்டு நாள் ஆனது. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்துக்கு. ஈஸ்வரன் வந்தது இரண்டு நாள், பன்னிரண்டில் பதினோரு தடவை தவறு, தவறு எல்லாம் கேட்டை விட்டு வரும்போது, சான்றிதழில் உள்ள கையெழுத்து நான் போட்டதல்ல என்று எழுதினாள். நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்தாள். அவள் ஒருத்தி சொன்னால் நம்புவார்களா? பயிற்சிக்கு வந்தவர்களில் யாராவது சாட்சி சொல்ல வேண்டும். பெரும்பாலோர் போய்விட்டார்கள். இங்கே இருந்தவர்களில் அவளுக்கு நினைவு வந்தவர் மலைச்சாமிதான். அவருக்கு விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம். அவருடைய பாஸ்போர்ட் ரொனால்டின் பீரோவில் இருந்தது.

அகரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று ரீனா விஷயத்தைச் சொன்னாள். "நீங்க கையெழுத்துப் போட்டா உங்க பயணம் நின்னுரும்ணே. அதைச் சொல்லாமக் கேக்க எனக்கு மனசு வரல."

மலைச்சாமி முழுவதையும் வாசித்தார். அவர் மனைவி அய்யம்மாள் கதவோரம் நின்று, "இம்புட்டு நாளு அலைஞ்சு கிடைச்ச விசா" என்று முணுமுணுத்தாள்.

"அந்தப் பய என் பக்கத்துலதான் உக்காந்து ஓட்டுனான்" என்றார் மலைச்சாமி. "பதினோரு தடவை. நானே எண்ணுனேன். எனக்கு அடுத்தபடியாத் தோக்குறது அவன்தான்னு அம்புட்டு சந்தோசம் எனக்கு. நாம சிரிச்சுக்கிட்டு இருந்தோம், டீச்சர்." அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "எனக்கு ஒம்பது நாளு ஆச்சு. இருவத்திரண்டு வருசம் ஓட்டுன எனக்கு ஒம்பது நாளு! ரெண்டு நாள்ல ஒருத்தன அனுப்பிட்டு ஆஸ்பத்திரில கிடக்குறவன் தலைல பழியப் போடுவானா? குடு பேனாவ."

கையெழுத்துப் போட்டதோடு அவர் நிற்கவில்லை. அங்கிருந்தே ஆபீசுக்குப் போய், பாஸ்போர்ட்டைக் கேட்டார். ரொனால்டு இழுத்தடித்தபோது, கொடுக்கும்வரை எந்திரிக்கமாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, ஈஸ்வரனுக்கு நேர்ந்ததைச் சத்தம்போட்டுச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் பாஸ்போர்ட் அவர் கைக்கு வந்தது. விசா போனது.

சண்டை போட்ட அன்றே ரீனா வேலையை விட்டிருந்தாள். கடிதங்களை அனுப்பியபின்னும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் நாற்பது சான்றிதழ் அவள் பேரில் இருந்தன. அதில் பன்னிரண்டு பேர்தான் அவள் நோட்டின்படி உண்மையிலேயே கற்றுக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான மலைச்சாமி இங்கேயே இருந்தார். மற்ற இருபத்தெட்டுப் பேரின் ஊர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டவுன் பஸ்சில் கிளம்பினாள். தாடிக்கொம்பு, வடமதுரை, இன்னும் எத்தனையோ. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த தடவை போன் பேசும்போது மறக்காமச் சொல்லுங்க. ரோடு காலியா இருக்கும்போதுதான் ஆபத்து. கேட் வந்தா நிப்பாட்டி, சோத்தாங்கைப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத் திருப்பச் சொல்லுங்க."

சில வீடுகளில் தண்ணீர் கொடுத்துக் கேட்டார்கள். சில வீடுகளில் திட்டி விரட்டினார்கள். "நல்லா இருக்குறவனுக்கு அபசகுனமா வந்து பேசுறியா?" என்று தாடிக்கொம்பில் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்தார். ரீனாவும் விடவில்லை. "அடிங்க. அடிச்சிட்டு, உங்க மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்று அங்கேயே நின்றாள். அவர் செருப்பைக் கீழே போட்டார்.

இருபத்துமூன்று நாள் கழித்துத் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. அவள் கடிதத்தையும் நோட்டுப் பக்கங்களையும் வைத்துக் கம்பெனியிடம் பேசுவதாக எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஈஸ்வரன் மட்டுமே குற்றவாளி என்று கம்பெனியால் சாதிக்கமுடியவில்லை. வைத்தியச் செலவை ஏற்றது. காவல் விலகியது. ரொனால்டு எச்சரித்ததும் நடக்காமலில்லை. போலீஸ் ரீனாவை மூன்று தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தது. மூன்று தடவையும் இஞ்ஞாசியம்மாள் வாசலில் நின்றார். மூன்றாம் தடவை, நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ரொனால்டு ஆபீசைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தார்.

ஈஸ்வரன் டிசம்பரில் ஊர் வந்து சேர்ந்தான். ரீனா வடமதுரைக்குப் போனாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. பக்கத்தில் ஊன்றுகோல். புவனேஸ்வரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நீங்க கவலப்படாதீங்க டீச்சர்" என்றான் ஈஸ்வரன். "தப்பு என்னோடதுதான். மிச்ச நாளும் வந்து ஒழுங்காக் கத்துக்கிட்டிருந்தா..."

"சொல்லாதீங்க!" ரீனா எழுந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. "அந்த வார்த்தைய எங்கிட்டச் சொல்லாதீங்க. வரவேணாம்னு சொன்னது யாரு? பொய்யா அச்சடிச்சது யாரு? ஆளு வேணும்னு அவசரப்பட்டது யாரு? தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தது நானு. அம்புட்டுப் பேரும் முழுசா இருக்கோம். காலப் பறிகுடுத்த நீங்க உங்க தப்புன்னு சொன்னா, நாங்கெல்லாம் எப்படிச் சோறு திங்குறது?"

அவன் தலை குனிந்தான். அவன் தோள் குலுங்கியது. புவனேஸ்வரி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அன்று முதன்முறையாக ரீனாவை நேராகப் பார்த்தாள்.

"இதத்தான் நானும் இவருகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன். கேக்க மாட்டேங்குறாரு" என்றாள். "அந்த ரொனால்டு கரூர்ல வேற பேர்ல போர்டு மாட்டிருக்கானாம். வர்ற திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். வாரீங்களா?"

"வாரேன்."

பஸ் படியில் ஏற ஈஸ்வரனால் முடியாது. அதனால் திங்கட்கிழமை காலை மலைச்சாமி தன் லாரியைக் கொண்டுவந்தார். அவரும் ரீனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஈஸ்வரனைக் கேபினில் தூக்கி ஏற்றினார்கள். வெட்டுப்பட்ட கால் கதவில் இடித்துவிட, அவன் வலி தாங்காமல் அலறினான். தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் வெட்கப்பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"கத்து அப்பு, நல்லாக் கத்து" என்றார் மலைச்சாமி, கதவை அடைத்தபடி. "இதே சத்தத்த அங்க வந்தும் கத்து."